அந்தக் கோட்டு கறுப்புதான்

மார்ச் 4

பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில் கத்திய கத்தலிலேயே உன் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்று தெரிந்துவிட்டது.

ஃபோனில் பேசினால் சொன்னதைச் சொல்லவில்லை என்கிறாய், சொல்லாததைச் சொன்னேன் என்று சாதிக்கிறாய். ஆகவே இனி எதுவானாலும் எழுத்தில்தான். உன் அண்ணனைத் தூது விடாதே. நேற்றுச் சாப்பிடும்போது, "ஏம்மா, அவ சொல்றதையும் கொஞ்சம் யோசிச்சுப் பாரேன்" என்று மெதுவாக ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் தட்டை எடுத்துக்கொண்டு டி.வி. முன்னால் போய்விட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய புதுக் கேமரா வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரிக்கவில்லை. பீரோ மேல் இருக்கிறது. பிரிக்கவும் மாட்டேன்.

நீ இணையத்தில் நடத்துகிற துணிக்கடைக்கு நான் படமெடுக்கும் கேமரா யாருடையது என்பது நினைவிருக்கிறதா? உனக்குக் கல்யாணமாவதற்கு முன்பு ஆசைப்பட்டு வாங்கினாய். கொஞ்ச நாள் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தாய். அலுத்துப்போனதும், "அண்ணி, இதை வச்சுக்கோங்க" என்று என் தலையில் கட்டினாய். கட்டினதை நான் கற்றுக்கொண்டேன். இன்றைக்கு உன் கடையில் தொங்குகிற ஒவ்வொரு சட்டையும் ஒவ்வொரு கோட்டும் அதன் வழியாகத்தான் வந்தது. இப்போது அது கிழமாகிவிட்டதாம், அதோடு சேர்ந்து நானும்.

பழைய கேமராவின் படத்தில் இருக்கிற அறுபது லட்சம் புள்ளி எங்கே, புதியதின் இரண்டு கோடி நாற்பது லட்சம் புள்ளி எங்கே என்று ஏலம் போடுகிறவர் மாதிரிக் கேட்டாய். இரண்டுமே கற்றுக்குட்டிகளுக்கென்று விற்கிற மலிவுக் கேமராதான். உன் வாடிக்கையாளர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு, உள்ளங்கையளவு ஃபோனில் படத்தைப் பார்க்கிறார். அதற்குக் கோடிக்கணக்கில் புள்ளி எதற்கு?

இதெல்லாம்கூட எனக்குக் கோபமில்லை. "பட்டனை அமுக்குறதுக்கு யாரா இருந்தா என்ன அண்ணி, இங்கயே ஒரு ஸ்டுடியோகிட்ட குடுத்துடறேன்" என்றாயே, அதற்குத்தான் கோபம். பின்னறையில் ஜன்னலை அடைத்து, சுவரில் வெள்ளைத்தாள் ஒட்டி, இரண்டு குண்டு பல்பை எந்த உயரத்தில் வைத்தால் துணியின் மடிப்பில் நிழல் சரியாக விழும் என்று பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறேன். கேமரா நிற்கிற முக்காலியின் கால்களுக்குத் தரையில் பெயிண்ட்டால் அடையாளம் போட்டிருக்கிறேன். கோட்டு மாட்டுகிற தலையில்லாத பொம்மைக்கு முதுகில் எத்தனை ஊசி குத்தினால் இடுப்பு சரியாக நிற்கும் என்பது எனக்குத் தெரியும். அதெல்லாம் பட்டன் இல்லை.

வெளிப்படையாகவே சொல்கிறேன். அந்த அறைக் கதவைச் சாத்திக்கொண்டால்தான், கேஸ் தீர்ந்துவிட்டதா, சாவி எங்கே என்று யாரும் என்னைக் கேட்பதில்லை. உன் அண்ணனுக்கு மனைவி என்பதைத் தவிர எனக்கு இருக்கிற ஒரே வேலை அது. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். முடிந்தால் பிடுங்கிப் பார்.

அண்ணி


மார்ச் 10

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. இப்போதும் கோபம் போகவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

பட்டன் என்று சொன்னது தப்பு. ஆனால் ஏன் சொன்னேன் என்பதை நீங்கள் கேட்கவே இல்லை. அன்று காலையிலிருந்து நான் வாங்கின வசவில் உங்களுக்குக் கிடைத்தது சொச்சம்தான்.

14ஆம் நம்பர் கோட்டு. நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் எனக்கே ஒன்று வாங்கிக்கொள்ளலாமா என்று தோன்றியது. அந்த ஆழ்ந்த ஊதாவுக்குக் கருந்திராட்சை நிறம் என்று பெயர் போட்டுக் கடையில் ஏற்றினேன். கடை திறந்ததிலிருந்து இப்படி ஒன்று ஓடியதில்லை. ஒரு பாட்டுக் குழு மேடையில் போட மொத்தமாக வாங்கியது. இரண்டு நாளில் குழுவின் செயலாளர் ஃபோன் செய்தார்: "நாங்க கேட்டது திராட்சைக் கலரும்மா. நீங்க அனுப்பினது கறுப்பு. மாத்திக்க நேரமில்லாம அதையே போட்டுக்கிட்டுப் பாடினோம். கல்யாணப் பாட்டை எழவு வீட்டுல பாடின மாதிரி இருந்துச்சு."

பிறகு வரிசையாக இதே புகார். தையல்காரர்தான் மாற்றி அனுப்பிவிட்டார் என்று அவரோடு சண்டை போட்டேன். "14ன்னு ஒரே துணிதாம்மா என்கிட்ட இருக்கு, அண்ணிக்குப் போனதும் அதுதான், பாட்டுக் குழுவுக்குப் போனதும் அதுதான்" என்று அடித்துச் சொல்கிறார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அப்படியானால் கோளாறு எங்கே? கேமராவில்தான். சென்சார் கெட்டுப்போயிருக்கிறது. ஒளி விழுகிற அந்தச் சில்லுக்கும் வயதாகும், அண்ணி.

நான் இந்தக் கடையைத் தொடங்கியபோது என் மாமியார் வீட்டில் என்ன சொன்னார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நான் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள் என்றதும், வீட்டில் சும்மா இருக்க முடியாமல் பொம்மைக் கடை வைத்திருக்கிறாள் என்றார்கள். ஒரு வருஷம்கூடத் தாங்காது என்று என் நாத்தனார் என் முகத்துக்கு நேரே சொன்னாள். (எனக்கும் நாத்தனார் இருக்கிறாள். உங்களுக்கு நான் எவ்வளவோ மேல்.) அவர்கள் சொன்னபடி ஆவதற்கு நான் விடமாட்டேன். அது உங்களுக்குப் பிடித்த கேமராவாலேயே ஆனாலும் சரி.

புதுக் கேமராவைப் பிரியுங்கள். ஒரே கோட்டு, ஒரே வெளிச்சம், ஒரே இடம். இரண்டிலும் எடுங்கள். இந்த மாதக் கடைசிக்குள் நடக்காவிட்டால் ஸ்டுடியோவுக்குச் சரி என்று சொல்லிவிடுவேன்.

பாப்பா


மார்ச் 17

பாப்பாவுக்கு,

கருந்திராட்சையா? யாரைக் கேட்டுப் போட்டாய்?

அந்தக் கோட்டு கறுப்பு. மை மாதிரிக் கறுப்பு. நான் என்றைக்காவது திராட்சை என்று எழுதினேனா? 14 என்று நம்பர் மட்டும்தானே போட்டு அனுப்பினேன். தையல்காரர் எனக்கு ஒன்று அனுப்புகிறார், நான் படமெடுத்ததும் துணி அவருக்கே திரும்பிப் போகிறது. படம் மட்டும் உனக்கு வருகிறது. துணியை ஒரு தடவைகூடத் தொடாமல் நீ பெயர் வைத்திருக்கிறாய். முகம் பார்க்காமல் ஜாதகம் எழுதின மாதிரி.

இந்தக் கோபத்தோடுதான் உன் கடையை ஃபோனில் திறந்தேன். ஆமாம், இதுதான் முதல் தடவை. எடுத்தவள் பெயரை ஓரத்தில்கூடப் போடாத இடத்தைப் பார்க்க எனக்கென்ன தலையெழுத்து என்று இதுவரை திறக்கவில்லை. திறந்தால், என் படத்தில் கோட்டு திராட்சை நிறத்தில் பளபளக்கிறது. எனக்கே ஒன்று வேண்டும் போலிருந்தது.

எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்பாய். கறுப்புக் கோட்டு கண்ணெதிரே நிற்கிறது. கேமராவின் முதுகிலிருக்கிற குட்டித் திரையில் நான் பார்ப்பது மடிப்பும் காலரும் நேராக இருக்கிறதா என்பதை. நிறத்தை யார் பார்க்கிறார்கள்? கறுப்பு என்று மனசு முன்பே முடிவு செய்துவிடுகிறது.

சரி, பெட்டியைப் பிரித்தேன். உனக்காக இல்லை, எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதற்காக. தையல்காரரிடம் சொல்லி 14ஐத் திரும்ப வரவழைத்தேன். இரண்டும் ஒரே கம்பெனி என்பதால் ஒரே லென்ஸ் இரண்டிலும் பொருந்தியது. முக்காலி அதே அடையாளத்தில். இரண்டுக்கும் வெள்ளைத்தாளைக் காட்டி நிறத்தைச் சரிசெய்தேன். ஆக, மாறுகிறது சென்சார் மட்டும்தான். இதில் நொட்டை சொல்ல உனக்கு இடமில்லை.

பழையதில் திராட்சை. புதியதில் கறுப்பு.

எழுதும்போதே கை கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது. ஒரு பல்பை அணைத்துவிட்டும் எடுத்தேன். பழையதில் கோட்டின் நிழலெல்லாம் ரவை தூவினாற்போல் இருந்தது. புதியதில் நிழல் சுத்தமாக இருந்தது, பொத்தானில் இருந்த ஓட்டைகூட எண்ணலாம் போலிருந்தது. அந்த நேரம் பார்த்து உன் அண்ணன் உள்ளே வந்தார். கணினியில் இரண்டு படத்தையும் முழுசாகப் பெரிதாக்கிவிட்டு, "புதுசுலதான் புள்ளி புள்ளியா அடிக்குது, பழசு நல்லாருக்கே" என்றார், என்னைச் சந்தோஷப்படுத்த. "புதுப் படம் பெரிய படம். ரெண்டையும் முழுசா இழுத்தா இதுல காலரைத்தான் பார்ப்பீங்க, அதுல பாதிக் கோட்டைப் பார்ப்பீங்க. ஒரே அளவுக்குக் கொண்டுவந்துட்டுப் பேசுங்க" என்றேன். எனக்குச் சாதகமாகச் சொன்னாலும் தப்புக்கணக்கு தப்புக்கணக்குதானே. அவர் பாவம், எந்தப் பக்கம் பேசினாலும் அடி விழுகிறது.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. உன் புதுசு ஜெயித்துவிட்டது என்று துள்ளாதே. நான் விடவில்லை. அறையில் இருந்த துணியையெல்லாம் ஒவ்வொன்றாக மாட்டினேன். கறுப்புப் பருத்திச் சட்டை இரண்டிலும் கறுப்பாகவே வந்தது. ஆக, பழைய கேமரா குருடு இல்லை, இந்த நைலான் கலந்த கோட்டுத் துணியிடம் மட்டும்தான் ஏமாறுகிறது. அதையும் ஜன்னலைத் திறந்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் எடுத்தால் அநேகமாகக் கறுப்பாகிவிடுகிறது. அடுத்து 9ஆம் நம்பரை மாட்டினேன், பொடிக் கட்டம் போட்ட சாம்பல் சட்டை. பழையதில் சாதுவான சாம்பல் சட்டை. புதியதில் மார்பு முழுக்கப் பச்சையும் ரோஸும் மாறி மாறி நெளிகின்றன, தண்ணீரில் எண்ணெய் விட்டாற்போல. சட்டையில் அப்படி எதுவுமே இல்லை. படங்களை அனுப்பியிருக்கிறேன், நீயே பார். இதை ஏற்றியிருந்தால் என்ன பெயர் வைத்திருப்பாய்? வானவில் சட்டையா?

ஒன்று கறுப்பில் பொய் சொல்கிறது, மற்றொன்று கட்டத்தில் பொய் சொல்கிறது. பொய் சொல்லாத ஆள் அந்த அறையில் ஒருத்திதான்.

அண்ணி


மார்ச் 25

அண்ணிக்கு,

படங்களைப் பார்த்தேன். எங்கள் தெருவில் இருக்கிற கேமரா ரிப்பேர்காரரிடம் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

"குண்டு பல்புல நம்ம கண்ணுக்குத் தெரியாத சிவப்பு ஒண்ணு நிறைய வரும். சில கறுப்புச் சாயம் அதைக் குடிக்காம அப்படியே திருப்பி அடிக்கும். சென்சார் முன்னாடி ஒரு கண்ணாடி அதைத் தடுக்கணும். அந்தக் காலத்து மாடல் சிலதுல அது ஒழுங்காத் தடுக்காது. நமக்குத் தெரியாததை சென்சார் பார்த்துட்டு ஊதாவாக் காட்டும்" என்றார். கட்டச் சட்டைக்கும் அவரிடம் பதில் இருந்தது. படம் கூர்மையாக வர வேண்டும் என்று புது மாடல்களில் சென்சார் மேல் லேசாக மங்கவைக்கிற தகட்டை எடுத்துவிட்டார்களாம். சென்சாரில் புள்ளிகள் கட்டம் கட்டமாக இருக்கின்றன. துணியின் கட்டமும் அந்தக் கட்டமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் இல்லாத கோடெல்லாம் ஓடுமாம்.

ஆக, சென்சார் கெட்டுப்போகவில்லை. நான் சொன்னது தப்பு. எழுத்தில் வேண்டும் என்றீர்கள், எழுதிவிட்டேன். வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

14க்குக் கறுப்பு என்று பெயர் மாற்றி, நீங்கள் புதியதில் எடுத்த படத்தை ஏற்றியிருக்கிறேன். தையல்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஆனால் அண்ணி, இதையெல்லாம் இனி என்னால் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. துணி ஒரு ஊரில், படம் ஒரு ஊரில், பெயர் ஒரு ஊரில். அடுத்த மாதத்திலிருந்து துணிகள் நேராக இங்கே வரட்டும். ஸ்டுடியோக்காரர்கள் எடுக்கட்டும், நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இத்தனை நாள் எனக்காகச் செய்ததே பெரிது. கொஞ்சம் ஓய்வெடுங்கள்.

பாப்பா


மார்ச் 30

பாப்பாவுக்கு,

ஓய்வு என்று யாரிடம் சொல்கிறாய்? உன் அண்ணன் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வீட்டுக்கு ஒன்று போதும்.

புதியதிலும் வானவில் வராமல் எடுக்கக் கற்றுக்கொண்டேன். முக்காலியை ஓரடி பின்னால் நகர்த்தி, சட்டையைக் கொஞ்சம் சாய்த்து மாட்டினால் போய்விடுகிறது. 9ஆம் நம்பரின் புதுப் படத்தை அனுப்பியிருக்கிறேன். உன் ஸ்டுடியோக்காரரிடம் அதே சட்டையைக் கொடுத்து எடுக்கச் சொல். நான் சொல்லிக்கொடுக்காமல் அவர் அதைச் சரியாக எடுத்துவிட்டால், இரண்டு கேமராவையும் பார்சல் கட்டி அனுப்பிவிடுகிறேன். இல்லாவிட்டால் அறை என்னுடையது.

அண்ணி


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணி,

எப்படி இருக்கிறீர்கள்? அண்ணனின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஒரு நல்ல செய்தி. ஸ்டுடியோ வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். படமெல்லாம் பழையபடி நீங்களே எடுங்கள். அந்தப் பேச்சு இனி இல்லை.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். 14ஐக் கறுப்பு என்று மாற்றியதும் விற்பனை படுத்துவிட்டது. கறுப்புக் கோட்டு எந்தக் கடையில்தான் இல்லை? ஆனால் யாரோ ஒரு பெண் உங்கள் பழைய படத்தைத் தன் தோழிகளுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறாள். தினமும் யாராவது அந்தக் கலர் எப்போது வரும் என்று கேட்கிறார்கள். தையல்காரரைக் கேட்டேன். அந்த நிறத்தில் அந்தத் துணி கிடையவே கிடையாது என்றார். ஸ்டுடியோக்காரரிடம் பழைய படத்தைக் காட்டி இதே மாதிரி வருமா என்றேன். அவர் என்னென்னவோ செய்து பார்த்தார். ஒன்று உதட்டுச் சாயம் மாதிரி வருகிறது, இல்லாவிட்டால் காயம்பட்ட மாதிரி. உங்கள் படத்தின் ஆழம் வரவில்லை.

அதனால் ஒரு யோசனை. பெயர் கறுப்பு என்றே இருக்கட்டும். பழைய படம் மட்டும் திரும்ப மேலே போகட்டும். திராட்சை என்று நாம் எங்கும் எழுதப்போவதில்லை. படத்துக்கும் துணிக்கும் நிறத்தில் சற்று வேறுபாடு இருக்கலாம் என்று எல்லாக் கடையும்தான் பொடி எழுத்தில் போடுகிறது. கேமரா பார்த்ததைத்தானே காட்டுகிறோம், அது எப்படிப் பொய்யாகும்? அதே துணியில் இன்னும் இரண்டு மாதிரி கோட்டு வருகிறது. பழைய கேமராவில், அதே குண்டு பல்பில் எடுத்து அனுப்புங்கள். கேட்டபடி உங்கள் பெயரையும் ஓரத்தில் போடுகிறேன்.

நீங்கள்தான் ஜெயித்தீர்கள். உங்கள் பழைய கேமரா செய்வதை வேறு எதுவும் செய்யவில்லை.

அன்புடன்,
பாப்பா


ஏப்ரல் 20

பாப்பாவுக்கு,

அன்புள்ள அண்ணி என்று நீ தொடங்கியபோதே இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

நான் எடுக்க மாட்டேன்.

கடிதத்தை இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண் வீட்டு வாசலில் வந்து நின்றாள். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருப்பாள். கையில் 14ஆம் நம்பர் கோட்டு. பாட்டுக் குழுவில் பாடுகிறவளாம். திருப்பிக் கொடுக்க எங்கே போவது என்று தெரியாமல், பார்சல் மேல் இருந்த நம்பரில் தையல்காரரிடம் கேட்டிருக்கிறாள், அவர் என் விலாசத்தைக் கொடுத்திருக்கிறார். சண்டை போட வந்திருக்கிறாள் என்று நினைத்து நானும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

அவள் சண்டை போடவில்லை. கோட்டை மெதுவாக விரித்து, "தப்பா நினைக்காதீங்கம்மா. இது உங்களுக்கு என்ன கலராத் தெரியுது?" என்று கேட்டாள்.

"கறுப்பு."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

"கறுப்புதான்."

அவளுக்கு மூச்சு திரும்பி வந்தது. படத்தில் திராட்சை நிறமாகத் தெரிந்ததாம், கையில் கறுப்பாகத் தெரிந்ததாம். குழுவில் எல்லோரும் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று திட்டிக்கொண்டிருந்தபோது, இவள் மட்டும் தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்திருக்கிறாள், மற்றவர்களுக்கும் அப்படித்தான் தெரிகிறது என்பது பயத்தில் மனசில் ஏறவே இல்லை. இவளுக்கு ஒரு கண்ணில் முன்பே புரை எடுத்திருக்கிறார்கள். "இன்னொரு கண்ணும் போகுதோன்னு பயந்துட்டேன். டாக்டர்கிட்ட போனேன். அவர் ஒண்ணுமில்லைங்கிறார். ஆனா ஃபோன்ல வச்சிருக்கிற அந்தப் பழைய படத்தைத் தொறந்தா இன்னும் ஊதாவாத்தானே தெரியுது? வீட்டுல சொல்லலை. சொன்னா என்னைத் தனியா வெளியே விடமாட்டாங்க" என்றாள். ஜன்னலோரம், விளக்கடியில், மொட்டை மாடி வெயிலில் என்று இடம் இடமாக அந்தக் கோட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறாள்.

நான் அவளைப் பின்னறைக்குக் கூட்டிப்போனேன். இரண்டு கேமராவையும் காட்டினேன். அவள் கண் முன்னாலேயே இரண்டிலும் எடுத்தேன். பழைய கேமராவின் திரையில் ஊதா வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "உங்க கண்ணு நல்லாருக்கு. பழுது என் படத்துல இருந்துச்சு" என்றேன். அவள் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். எனக்கு உன்மேல் வராத கோபம் என்மேலேயே வந்தது, பிறகு உன்மேலும் வந்தது.

இப்போது சொல், பாப்பா. இது கேமரா பார்த்ததுதானே என்று அவளிடம் சொல்வாயா? பொடி எழுத்தில் போட்டிருக்கிறோமே என்பாயா? எனக்கும் உனக்கும் தெரியாதவரை அது தவறு. தெரிந்த பிறகு அதே பல்பை ஏற்றி, அதே கேமராவை வைத்து, அதே பட்டனை அமுக்கினால் அது மோசடி. எத்தனை பேர் கேட்டாலும் இல்லாத நிறத்தை நான் எடுத்துத் தர மாட்டேன்.

என் வேலை போகும் என்று பயமுறுத்துவாய். போகட்டும். இந்த வேலைக்காக உன்னோடு ஒன்றரை மாதமாக மல்லுக்கட்டுகிறேன், எனக்கு இது வேண்டும், ரொம்பவே வேண்டும். வேண்டும் என்பதற்காக எதையும் செய்வேன் என்று நீ கணக்குப் போட்டாயே, அங்கேதான் தப்பு செய்தாய்.

இத்தோடு ஒரு படம் அனுப்பியிருக்கிறேன். அவளே கோட்டைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நிற்கிறாள். புதியதில் எடுத்தது. கடையில் போட அவளிடம் அனுமதி கேட்டேன். "நல்லாப் போடுங்க, கறுப்புன்னு கொட்டை எழுத்துல எழுதுங்க" என்றாள். கோட்டையும் திருப்பித் தரவில்லை, போட்டுக்கொண்டே போய்விட்டாள்.

இனி நான் வேலை செய்வதானால் இப்படித்தான். எந்தத் துணிக்கு எந்தக் கேமரா, எந்த வெளிச்சம் என்பதை நான் முடிவு செய்வேன். துணியைத் தொட்டுப் பார்த்தவள் நான், நிறத்தையும் நான்தான் எழுதுவேன். 14க்கு இந்தப் படம்தான். ஒத்துக்கொண்டால் துணி அனுப்பு. இல்லாவிட்டால் உன் ஸ்டுடியோவிடம் போ. இரண்டு கேமராவும் இங்கேதான் இருக்கும், தரமாட்டேன். ஊரில் துணி விற்கிறவள் நீ ஒருத்தி மட்டும் இல்லை.

அண்ணி


மே 2

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று அண்ணனுக்கு ஃபோன் செய்து உங்களைப் பற்றி அரைமணி நேரம் திட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவ சொன்னா சொன்னதுதான், நான் இத்தனை வருஷமா அப்படித்தான் குடித்தனம் பண்றேன்" என்று வைத்துவிட்டார். அவரிடம் போனது என் தப்பு.

பிறகு ஸ்டுடியோவுக்கும் போனேன். மறைக்கவில்லை, போனேன். நீங்கள் இல்லாமலே நடத்திக் காட்டுகிறேன் என்ற வீம்பில் போனேன். நீங்கள் சொன்ன 9ஆம் நம்பர் சட்டையைத் தையல்காரரிடமிருந்து வரவழைத்துக் கொடுத்தேன். வானவில் வந்தது. எப்படிப் போக்குவது என்று கேட்டேன். அவர் கணினி முன்னால் உட்கார்ந்து, "அதெல்லாம் எதுக்கு மேடம், உங்களுக்கு என்ன கலர் வேணும்னு சொல்லுங்க, போட்டுடலாம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், நல்ல மனிதர். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. போன மாதம் நான் உங்களுக்கு எழுதியதும் இதுதானே. சட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த அம்மாவின் படத்தை 14க்குப் போட்டிருக்கிறேன். கறுப்பு என்று கொட்டை எழுத்தில்தான். இதற்கு முன் ஊதாவாகக் காட்டியது படத்தின் தவறு, வாங்கியவர்கள் கண்ணின் தவறு இல்லை, யாருக்கு வேண்டாமோ திருப்பி அனுப்பலாம் என்றும் கீழே எழுதினேன். பொடி எழுத்தில் இல்லை. என் நாத்தனார் அதைப் படித்துவிட்டு, எந்தக் கடைக்காரியாவது தன் தப்பைத் தானே விளம்பரம் செய்வாளா, இனி கடையை மூட வேண்டியதுதான் என்றாள். மூடுகிற அன்றைக்குச் சொல்லி அனுப்புகிறேன், அதுவரை வேலையைப் பாருங்கள் என்று சொன்னேன். அப்படிச் சொன்னதும் உங்கள் குரல் மாதிரியே இருந்தது, எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது.

கோட்டு விற்கவில்லை. சிலது திரும்பி வந்திருக்கிறது, இன்னும் வரும். இந்த மாதம் எப்படித் தாண்டப்போகிறேன் என்று தெரியவில்லை. உங்களிடம் இதைச் சொல்வது நீங்கள் மனம் மாற வேண்டும் என்பதற்காக இல்லை. மாறினால்தான் எனக்குக் கோபம் வரும்.

தையல்காரர் இன்று புதுத் துணிகளை உங்களுக்கு அனுப்புகிறார். நீங்கள் ஒவ்வொன்றையும் பார்த்து என்ன நிறம் என்று எழுதி அனுப்புகிற வரைக்கும் அதில் ஒன்றைக்கூட விற்பனைக்கு வைக்க மாட்டேன்.

பாப்பா